மடிக்கணினி: மின்சேமிப்பும் தகவல் பாதுகாப்பும்

2023 ஏப்ரல் 5ஆம் திகதி பெய்த உறைமழை மொன்றியலின் மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் முறித்தது. கியூபெக்கில் ஹைட்ரோ-கியூபெக் வாடிக்கையாளர்கள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரத்தை இழந்தனர். அத்தகைய வேளையில் செய்தி அறியவும் கைபேசிக்கு மின்னேற்றவும் மடிக்கணினியின் மின்கலம் கைகொடுக்கும். குடிவரவு ஆவணங்கள், வரிப் படிவங்கள், வங்கி விபரங்கள் ஆகியனவும் பல வீடுகளில் அதே கணினியிலேயே உள்ளன. மின்கலத்தையும் தகவலையும் ஒருங்கே காக்கும் வழிகள் சில உண்டு.

உறக்கமும் ஆழ்துயிலும்

மூடியை மூடியதும் பெரும்பாலான மடிக்கணினிகள் உறக்கநிலைக்குச் செல்கின்றன. திரை அணைந்தாலும் நினைவகத்துக்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். ஹைபர்நேட் எனப்படும் ஆழ்துயில் நிலையில், திறந்திருந்த வேலைகள் சேமிப்பு வட்டில் எழுதப்பட்டு, மின்செலவு ஏறக்குறைய முற்றாக நிற்கும். வீட்டில் சிறிது நேர இடைவேளைக்கு உறக்கநிலை போதும். கணினியை வெளியே எடுத்துச் செல்லும்போது ஆழ்துயிலில் இடுவது, அல்லது முழுமையாக நிறுத்துவது நன்று. மின்கலம் குறையாது, மறையாக்கப் பூட்டின் திறவுகோலும் நினைவகத்தில் தங்காது.

மின்கலம் நீடிக்க

சாதாரண வேலைகளில் திரையே அதிக மின்சாரத்தை உண்கிறது. ஒளியைக் குறைத்து, சில நிமிடங்களில் திரை தானே அணைந்து பூட்டிக்கொள்ளுமாறு அமைக்க வேண்டும். ஒரே செயலில் மின்சாரமும் மிஞ்சும். பிறர் பார்வையும் தடைப்படும். எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினிக்கு, மின்னேற்றத்தை ஏறத்தாழ 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். உறைமழை எச்சரிக்கை வந்தால் மட்டும் முழுமையாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் கணினியை வாகனத்தில் விட்டுச் செல்லலாகாது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றுவது லித்தியம் மின்கலத்தைப் பழுதாக்கும். திருட்டு அபாயமும் உண்டு. குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்தால், ஈரம் படிந்திருக்கக்கூடும் என்பதால், அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே இயக்க வேண்டும்.

கடவுச்சொல் மட்டும் போதுமா?

போதாது. சேமிப்பு வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், கடவுச்சொல் இன்றியே கோப்புகளைப் படித்துவிடலாம். மறையாக்கம் இதனைத் தடுக்கிறது. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதன மறையாக்கம் என்ற பெயரிலும், அப்பிள் கணினியில் ஃபைல்வோல்ட் என்ற பெயரிலும் இவ்வசதி உள்ளது. அமைப்புகள் பகுதியில் அது இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி, கணினிப் பையில் அன்றி வீட்டில் வேறிடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல் பயன்படாத நிலையில் அக்குறியீடும் இல்லையெனில் உரிமையாளரும் கோப்புகளை இழக்க நேரிடும். எனவே முக்கிய ஆவணங்களின் பிரதி ஒன்று வேறிடத்திலும் இருத்தல் அவசியம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதனைப் பயன்படுத்துவோர் புதிய பதிப்புக்கு மாற இயலுமா என ஆராய வேண்டும்.

கணினி தொலைந்தால்

• வேறு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுக.
• தொடர் எண்ணுடன் பொலிஸில் முறையிடுக. அவ்வெண்ணை இன்றே குறித்து வைப்பது நன்று.
• பேருந்திலோ மெற்றோவிலோ தவறவிட்டால் எஸ்.ரி.எம். தொலைந்த பொருட்கள் பிரிவை நாடுக.
• வங்கிக்கு அறிவித்து, கணக்குகளைச் சில காலம் கவனித்து வருக.

பழைய கணினியைக் குப்பையில் இடாது, தகவல்களை முற்றாக அழித்தபின் நகரின் எக்கோசென்டர் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.