கவலைக்கு ஒரு கணக்கு நோட்டு!

ஆழியாறு அறிவுத் திருக்கோயில் கற்றுத்தரும் உடல், மன நலப் பாடம்

‘‘வூட்டுல ஒரு குறையும் இல்லீங்க. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பையன் பெங்களூருல வேலைக்குப் போயிட்டான். ஆனா, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துட்டா அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்லீங்க. மனசு என்னமோ கெடந்து அடிச்சுக்குது!’’

கோவை, திருப்பூர், ஈரோடு... கொங்கு மண்டலத்தில் எந்தக் கோயில் பிராகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்தாலும், விளக்குப் போட வந்த பெண்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வயது நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருக்கும். கேட்டால் ‘ஒண்ணும் இல்லீங்க’ என்பார்கள். ஆனால், நெற்றிச் சுருக்கம் வேறு கதை சொல்லும்.

விளக்கேற்றுவதோடு, இந்த மனப் பாரத்தை இறக்கி வைக்க நம்மால் செய்ய முடிந்த காரியம் ஏதாவது உண்டா? உண்டு என்கிறது, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் ஆழியாறு அறிவுத் திருக்கோயில். அங்கே சொல்லித் தரும் பாடத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மங்கலமும் பாரம்தான்!

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்வோம். துக்கம் வந்தால்தான் மனம் களைக்கும் என்று நினைக்கிறோம். அது சரியல்ல.

1967-ம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனித வாழ்வில் வரும் 43 மாற்றங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு 63. பணி ஓய்வுக்கு 45. பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்கு 29. சம்பந்தி வகை மனஸ்தாபங்களுக்கும் அதே 29. வீடு மாறுவதற்கு 20.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? திருமணத்துக்கும் 50 மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள்! நல்லதோ, கெட்டதோ, வாழ்க்கை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும்போது உடம்பும் மனமும் அதற்கு ஈடு கொடுக்க உழைக்கின்றன. ஒரே வருடத்தில் இப்படி நாலைந்து மாற்றங்கள் சேர்ந்து வந்தால், நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இது அமெரிக்கக் கணக்குதான். ஆனாலும், நம் வீட்டு நடப்போடு பொருத்திப் பாருங்கள். மகள் கல்யாணம், கணவரின் ஓய்வு, மாமியாரின் மறைவு... மூன்றும் ஒன்றரை வருடத்துக்குள் நடந்த வீடுகள் எத்தனை!

சீர் இல்லாத பருவம்

நம் முன்னோர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சடங்கை வைத்தார்கள். பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர். கல்யாணத்தில் இணைச் சீர் முதலாக எத்தனையோ சீர்கள். அவற்றை முன்நின்று நடத்த அருமைக்காரர். வயிற்றில் பிள்ளை என்றால் வளைகாப்பு, கட்டுச்சோற்று விருந்து. இறப்பு என்றால் கருமாதி வரை வீடு நிறைய உறவுக்கூட்டம். ‘நீ தனியாக இல்லை, நாங்கள் இருக்கிறோம்’ என்று ஊரும் உறவும் சேர்ந்து சொல்லும் ஏற்பாடுதான் சடங்கு. பாரத்தைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஒருத்தர் தோள் வலிக்காது அல்லவா?

ஆனால், மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்கு என்ன சீர் இருக்கிறது? கல்யாண மண்டபத்தைக் காலி செய்துவிட்டு, மகள் இல்லாத வீட்டுக்குள் நுழையும் தாய்க்கு எந்தச் சடங்கு? கணவருக்கு அறுபதாம் கல்யாணம் வரும். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் மனைவியின் உடம்பில் நடக்கும் மாற்றத்தை யாரும் கவனிப்பதில்லை. பல நேரம் அவளே கவனிப்பதில்லை!

நம் நாட்டுப் பெண்கள் பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஹார்மோன் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடும். திடீரென்று உடம்பு தகிப்பது, வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கலைவது, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் இதனால்தான். சரியாக அதே சமயத்தில்தான் பிள்ளைகளும் கூட்டை விட்டுப் பறக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் மூன்று மணிக்கு விழிப்பு வரத்தானே செய்யும்?

நெசவாளர் தந்த மனவளக்கலை

கூடுவாஞ்சேரியில் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் 1911-ம் ஆண்டு ஆகஸ்ட் 14-ம் தேதி பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உழைத்தவர். சித்த மருத்துவமும் ஹோமியோபதியும் கற்றவர். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி தவம் பயின்றவர். இல்லறத்தில் இருந்துகொண்டே ஆன்மிகத்தில் உயர முடியும் என்று வாழ்ந்து காட்டியவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1980-களில் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை உருவாக்கினார். 2006-ம் ஆண்டு மார்ச் 28-ம் தேதி, 94-வது வயதில் மறைந்தார்.

கோயில் என்று பெயர் இருந்தாலும், அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு போகிற இடமல்ல இது. பயிற்சியும் தவமும்தான் இங்கே வழிபாடு. ‘மனவளக்கலை’ என்று அவர் பெயரிட்ட இந்தக் கலையை, கொங்கு நாட்டின் பல ஊர்களிலும் உள்ள மனவளக்கலை மன்றங்களில் கற்றுக்கொள்ளலாம்.

இதில் நான்கு படிகள்: எளிய முறை உடற்பயிற்சி, காயகல்பம், தவம், அகத்தாய்வு. உடம்பில் தொடங்கி மனதுக்குப் போகிற வரிசை இது. வலியும் களைப்புமாக இருக்கும் உடம்பை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார முடியுமா? முடியாது என்பதால்தான் உடம்பு முதலில் வருகிறது.

உடம்பைத் தளர்த்தினால்...

கவலைப்படும்போது உடம்பில் அட்ரீனலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. கழுத்தும் தோளும் இறுகுகின்றன. பசி, செரிமானம் கெடுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. புலி போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். நம் கவலையோ போகாத புலி! அதனால், உடம்பு அடங்க வழியில்லாமல் போகிறது.

எளிய முறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண் பயிற்சிகள், கபாலபதி, படுத்த நிலையில் செய்யும் மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், கடைசியாக உடல் தளர்த்தல் என்று ஒன்பது உண்டு. தரையில் ஒரு ஜமுக்காளம் போதும். புடவைக்குப் பதில் சுடிதார் அணிந்தால் வசதி.

இவற்றில் உடல் தளர்த்தலை இன்று இரவே நீங்கள் தொடங்கலாம். மல்லாந்து படுத்து, கண்களை மூடி, கால் விரலிலிருந்து தொடங்குங்கள். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிறு, தோள், கழுத்து, முகம் என்று ஒவ்வோர் உறுப்பாக நினைத்து, அங்கிருக்கும் இறுக்கத்தை விடுங்கள். கூடவே மூச்சை இழுப்பதைவிட, விடுவதை நீளமாக வைத்துக் கொள்ளுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுத்தால், ஆறு எண்ணும்வரை விடுங்கள். மெல்ல விடும் மூச்சு, இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது என்கிறது மருத்துவம்.

காயகல்பத்தில் அசுவினி முத்திரை, ஓஜஸ் மூச்சு என்று இரண்டு உண்டு. ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விரிப்பது அசுவினி முத்திரை. ஏறக்குறைய இதே இடத்துத் தசைகளுக்கான பயிற்சியை அமெரிக்காவின் டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் வெளியிட்டார். பிரசவத்துக்குப் பிறகும், மாதவிலக்கு நின்ற பிறகும் இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு இன்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்லித் தருவது அந்தப் பயிற்சியைத்தான். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்கள் அவசியம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

காயகல்பம், கபாலபதி, தவம் மூன்றையும் ஆசிரியரிடம் நேரில் கற்றே செய்ய வேண்டும். ரத்த அழுத்தம், குடலிறக்கம் இருப்பவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்டபின் சேருங்கள்.

கவலையை நாலாகப் பிரி!

இப்போது கணக்கு நோட்டுக்கு வருவோம். அகத்தாய்வில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், ‘நான் யார்?’ என்று படிப்படியாகப் பாடங்கள் உண்டு. கவலைக்கு மகரிஷி சொன்ன வழி, பால் கணக்கு எழுதத் தெரிந்த எல்லோருக்கும் கைவரும். மனதில் இருக்கும் கவலைகளை ஒரு தாளில் எழுதி, நான்காகப் பிரிக்க வேண்டும்.

அனுபவித்தே தீர வேண்டியவை: மாமியாரின் மறைவு, மகள் புகுந்த வீடு போனது, உடம்பில் வரும் வயதின் மாற்றம். இவற்றைத் தள்ள முடியாது. ஏற்றுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அழுகை வந்தால் அழுது தீர்ப்பதும் இதில் அடக்கம்.

தள்ளிப்போட வேண்டியவை: பையனுக்கு இன்னும் வரன் அமையவில்லை. நாள் ஆகும். இன்று ராத்திரி மூன்று மணிக்கு யோசித்து முடிவாகப் போவதில்லை.

அலட்சியம் செய்ய வேண்டியவை: நாத்தனார் விசேஷ வீட்டில் ஒரு மாதிரி பேசியது. பக்கத்து வீட்டுக்காரம்மா சிரிக்காமல் போனது.

உடனே தீர்க்க வேண்டியவை: மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டுவரும் சர்க்கரைப் பரிசோதனை. கணவரின் ஓய்வுக்குப் பின் வீட்டுச் செலவை எப்படி நடத்துவது என்ற பேச்சு. மார்பில் தட்டுப்படும் சிறு கட்டி.

எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாம் இரவெல்லாம் உருட்டிக் கொண்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகையை. கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கி வைத்திருப்பது நான்காவது வகையை! இடம் மாற்றிப் போட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மிளகாயும் வாழ்த்தும்

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலை மாசாணியம்மனை அறியாத கொங்குப் பெண் இருக்க முடியாது. சயனக் கோலத்தில் இருக்கும் அம்மனிடம் அநியாயத்தை முறையிட்டு, மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். கை வலிக்க அரைக்கும்போதே உள்ளிருக்கும் ஆத்திரம் கொஞ்சம் வெளியேறுகிறது. ‘இனி நீ பார்த்துக்கொள் தாயே!’ என்று ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு லேசாகிறது.

ஆனால், வழக்கை ஒப்படைத்த பிறகும் வீட்டில் தினமும் அதையே அரைத்துக் கொண்டிருந்தால்? சினம் தவிர்த்தலில் அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நமக்கு அடிக்கடி யார் மீது கோபம் வருகிறது என்று பெயர்களை எழுதி, தவத்தின் முடிவில் அவர்களை நினைத்து ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்த வேண்டும். ஆரம்பத்தில் வாய் வராது, பரவாயில்லை. வாழ்த்துவது அவர்கள் செய்தது சரி என்பதற்காக அல்ல. நம் உடம்பில் அந்தக் கனல் தங்கக் கூடாது என்பதற்காக. அதே சமயம், அடியும் அவமானமும் தினசரி நடக்கும் வீட்டில் வாழ்த்தினால் மட்டும் போதாது. அது ‘உடனே தீர்க்க வேண்டிய’ வகை. பிறந்த வீட்டாரிடமோ, பெண்கள் உதவி எண் 181-லோ தயங்காமல் சொல்லுங்கள்.

மனைவிக்கு ஒரு நாள்

தன் துறவு நாட்டத்துக்கும் தொண்டுக்கும் துணை நின்ற மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ என்று அறிவித்தார் மகரிஷி. அன்று மன்றங்களில் தம்பதியர் எதிரெதிரே அமர்ந்து, மனைவி கணவருக்குக் கனியும், கணவர் மனைவிக்கு மலரும் கொடுத்து, ஒருவரையொருவர் வாழ்த்துகிறார்கள். முப்பது வருடம் சமையலறையிலேயே நின்ற பெண், ‘நீ எனக்காகச் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று கணவர் வாயால் கேட்டால் எப்படி இருக்கும்? சீர் இல்லாத பருவத்துக்கு இதையே ஒரு சீராக வைத்துக் கொள்ளலாமே!

மருத்துவரிடம் எப்போது?

தவம் மருந்துக்கு மாற்று அல்ல. பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு போலவே தோன்றும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு மீண்டும் உதிரம் பட்டால், ஒரு துளியானாலும் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, ‘இருந்து என்ன பிரயோஜனம்?’ என்ற எண்ணம் வந்தால், அது பக்திக் குறைவும் அல்ல, பைத்தியமும் அல்ல. சிகிச்சையால் குணமாகும் நோய். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

ஒரு மண்டலம் செய்து பாருங்கள்!

* காலையில் விளக்கேற்றும் முன் அரை மணி நேரம் உடற்பயிற்சி. கற்றுக்கொள்ளும்வரை, அருகிலுள்ள கோயிலுக்குக் காலாற நடை.

* வாரம் ஒரு நாள், பிடித்த நாளில், நோட்டில் கவலைகளை எழுதி நாலாகப் பிரியுங்கள். நான்காவது வகையில் ஒன்றையாவது அந்த வாரமே முடியுங்கள்.

* இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. படுக்கும் முன் பத்து நிமிடம் உடல் தளர்த்தல்.

* வீட்டில் ஒருவரிடமாவது ‘எனக்கு முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள்.

நாற்பத்தெட்டு நாள் ஆனதும் முதல் வாரத்துத் தாளை எடுத்துப் பாருங்கள். எத்தனை கவலைகள் தானாகவே அடிபட்டுப் போயிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

வாழ்க வளமுடன்!