கொடியும் கொழுகொம்பும்

விடுதி அறைகளில், மேசை ஓரத்துச் சீசாவில் மணிபிளான்ட் வளர்க்கும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. கொண்டுவந்த புதிதில் பளபளவென்று நிற்கும் அக்கொடி, ஓராண்டு சென்றதும் கணுவிடை நீண்டு, இலை சிறுத்து, சன்னல் கம்பியில் நூல்போல் தொங்குகிறது. திருடிக்கொண்டு வந்து நட்டால்தான் செழிக்கும் என்பாரும் உளர்! வெளிச்சக் குறைவு ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் ஏறுவதற்குப் பிறந்த கொடியை நாம் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

பசிபிக் கடலிலுள்ள மூரேயா தீவு இதன் தாயகம். தரையில் படரும்போது உள்ளங்கையளவே உள்ள இலை, மரத்தைப் பற்றி உயர ஏறியதும் அரை மீட்டருக்கு மேலும் விரிந்து, ஓரம் கிழிந்து நிற்கும். இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் நம்புவது அரிது. பற்றுக்கோடு இழந்து தொங்கினால் இலை மீண்டும் சிறுத்துவிடும்.

எல்லாக் கொடிக்கும் ஒரே கொம்பு உதவாது. டார்வின் 1865-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறும் முறையைக் கொண்டே கொடிகளை வகைப்படுத்தினார். அவரை தண்டாலேயே சுற்றி ஏறுவது. இத்தகையவற்றுள் பெரும்பாலானவை, மேலிருந்து நோக்கினால், இடஞ்சுழியாகவே சுற்றும். நாம் மாற்றிச் சுற்றிவிட்டால் நுனி பிரிந்து தன் வழியே போய்விடும். பருத்த தூணை இவை வளைக்கமாட்டா. பாகலுக்கும் பிரண்டைக்கும் பற்றுக்கம்பிகள் உண்டு. கம்பி ஒரு பொருளைத் தொட்டதும், தொடாத பக்கம் விரைந்து வளர்கிறது. அதனால் அது வளைந்து பற்றுகிறது. இவற்றுக்கு மெல்லிய கயிறே போதும். மூன்றாம் வகை, கணுவில் வேர்விட்டு ஒட்டுவன. அகத்தியில் ஏறும் வெற்றிலையை நம் ஊர்க் கொடிக்கால்களில் கண்டிருப்பீர்கள். மிளகும் மணிபிளான்டும் அவ்வினமே. (பாரி தேர் ஈந்த முல்லைக்குப் பற்றுக்கம்பியும் இல்லை, ஒட்டுவேரும் இல்லை. அதற்குத் தேர் பொருத்தமான பற்றுக்கோடுதான்!)

கொடி தன் மரத்தை எவ்வாறு தேடிக் காண்கிறது? மான்ஸ்டெரா இனத்துக் கொடியொன்றின் இளங்கன்று ஒளியை நாடாமல் இருளை நோக்கி ஊர்ந்து செல்வதை 1975-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. காட்டில் இருள் அடர்ந்த திசையில்தானே பருத்த அடிமரம் இருக்கும்!

இனிச் செய்முறை. மூன்றடி மூங்கில் கழியில் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளியின்றி இறுகச் சுற்றுக. வடநாட்டில் அது கிட்டாவிடில், சார்பாய் பின்னும் முஞ்சைக் கயிறும் ஆகும். வழவழப்பான இரும்புக் குழாயில் வேர் ஒட்டாது. சீசாக்கொடியைத் தொட்டிக்கு மாற்றும் நாளிலேயே கழியை அடிவரை ஊன்றிவிட வேண்டும். பின்னர்ச் செருகினால் வேர் அறுபடும். கணு கயிற்றைத் தொடும்படி அணைத்து, வாழைநாரால் தளர்வாகக் கட்டுக. இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டலாகாது. நாள்தோறும் கயிற்றை நனைத்து வந்தால் வேர் அதனுள் இறங்கும். தில்லியின் மே மாத அனற்காற்றில் இருமுறை நனைத்தாலும் மிகையன்று. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகும். அப்போது நீரைக் குறைத்து, இரவில் தொட்டியைச் சன்னலைவிட்டு நகர்த்தி வைக்க வேண்டும். கொடி கழியின் உச்சியைத் தாண்டினால் நுனியைக் கணுவின் கீழே வெட்டி, அதே தொட்டியில் கழியின் அடியில் நட்டுவிடலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்க.