மாடலிங் ஆம்ப் வாங்கப் போறீங்களா?

ரெண்டாம் வருஷம் மிச்சம் பிடிச்ச காசுல நான் வாங்குன முதல் ஆம்ப்ல நூத்துக்கும் மேல டோன் இருக்குன்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தது. ரூமுக்குக் கொண்டுவந்து போட்டா, எந்த டோனை வச்சாலும் டப்பாவுக்குள்ள வண்டு மாட்டின மாதிரியே கேட்டுச்சு. மூணே மாசத்துல பாதி விலைக்கு ஒரு ஜூனியர் தலையில கட்டிட்டேன். (மன்னிச்சுடு தம்பி!)

முதல்ல, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பழைய வால்வு ஆம்ப்பில் சிக்னலை அளவுக்கு மீறித் தள்ளினால் அலையின் உச்சி மெதுவாக வளைந்து மழுங்கும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்றில் கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். மழுங்கும்போது பிறக்கும் ஹார்மானிக்ஸ்தான் நாம் ரசிக்கும் டிஸ்டார்ஷன். மாடலிங் ஆம்ப் இதையே ஒரு சிப்பில் கணக்காகப் போடுகிறது. 1996-இல் லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 இந்த வகையில் முன்னோடி.

டோன் கண்ட்ரோல் ஒரு ஃபில்டர். ஸ்பீக்கர் பெட்டியும் கிட்டத்தட்ட ஃபில்டர்தான். அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை எடுத்து கன்வல்யூஷன் செய்தால் போதும். (சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் கவனிக்க.) நடுவில் வரும் அந்த மழுங்கல்தான் தலைவலி, ஏன்னா அது லீனியர் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்கிறோம் என்று வையுங்கள். 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஏழாவது ஹார்மானிக் 35-இல் விழணும். ஆனால் நைக்விஸ்ட் எல்லை 24. அதனால் அது மடிந்து 13-இல் வந்து உட்காரும். 5-க்கும் 13-க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, காதுக்கு அபஸ்வரம். இதைத் தடுக்க உள்ளுக்குள் சாம்பிள் வேகத்தைப் பல மடங்கு கூட்டிக் கணக்குப் போடணும். அதுக்கு வேகமான சிப் வேணும்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். கெயினை ஏத்தி, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல ஒரு ஸ்வரத்தை வாசிச்சு, கம்பியை வளைச்சு மேலே கொண்டு போங்க. பின்னால மெல்லிசா ஒண்ணு எதிர்த்திசையில கீழே இறங்குற மாதிரி கேட்டா, மடிப்புதான். வேற ஆம்ப் பாருங்க.

வாட்ஸ் விஷயத்துல மயங்காதீங்க. 25-க்கும் 50-க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். ஹாஸ்டல்ல 50-ஐ முழுசா வச்சா வார்டன்தான் முதல் ரசிகர். பாஸ் கட்டானா 50-இல் 0.5 வாட்டுக்குக் குறைக்க ஒரு ஸ்விட்ச் இருக்கு. ரொம்ப உபயோகமான விஷயம். குறைந்த ஒலியில் நம்ம காதுக்கு பேஸ் சரியா எடுபடாது. அதனால கடையில அலறவிட்டுக் கேட்காம, ரூம்ல வாசிக்கப்போற அளவுலயே கேட்டு முடிவு பண்ணுங்க.

அமெரிக்காவுல இருந்து யாராவது கொண்டு வர்றாங்கன்னா, பின்பக்கம் 120 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கான்னு பாருங்க. அதை நம்ம 230-இல் நேரா சொருகினா புகைதான் வரும்.

கடைசியா ஸ்பீக்கர். ஃபெண்டர் முஸ்டாங் எல்டி25-இல் 8 அங்குலம், கட்டானா 50-இல் 12 அங்குலம். என்னுடையதில் 4. உள்ளே பெரிய பெட்டியின் கணக்கு சரியாத்தான் ஓடியிருக்கு. வெளியே தள்ள வாய்தான் இல்லை. இது எனக்கு எப்போ தெரிஞ்சதுன்னா, போன மாசம் அந்த ஜூனியர் ரூமுக்குப் போனப்போ. அதே ஆம்ப்ல ஹெட்ஃபோனைச் சொருகி என் காதுல மாட்டிவிட்டான். அட்டகாசமா இருந்துச்சு. திருப்பிக் கேட்டேன். தரமாட்டானாம்.