முதலாண்டு வேதியியல்: விதிகளைப் புரிந்துகொண்டு வெல்லும் வழி

பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தவர்களுக்கும், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் படித்துக்கொண்டே வேதியியலை அலைடு பாடமாக எடுப்பவர்களுக்கும் முதல் செமஸ்டர்தான் கடினமானது. ப்ளஸ் டூ வரை பள்ளி கையைப் பிடித்து நடத்தியது. கல்லூரியில் வருகை, இன்டெர்னல், ரெக்கார்ட், செய்முறைத் தேர்வு என ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கிறது, அவற்றை யாரும் தினமும் நினைவூட்ட மாட்டார்கள். பாடம் புரியாமல் தோற்பவர்களைப் போலவே, விதி தெரியாமல் மதிப்பெண்ணை இழப்பவர்களும் உண்டு. அது தடுக்கக்கூடிய இழப்பு.

இந்த விதிகளில் பெரும்பாலானவை வேதியியலின் இயல்பிலிருந்தே பிறந்தவை. காரணம் தெரிந்தால் கடைப்பிடிப்பது எளிது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள நடைமுறையை வைத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதல் வாரத்தில் நான்கு தாள்களைச் சேருங்கள்

பாடத்திட்டம், கல்லூரிக் கையேடு, டே ஆர்டர் குறித்த நாள்காட்டி, ஆய்வக அட்டவணை ஆகிய நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாடத்திட்டத்தின் பிரதியை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதில் ஐந்து யூனிட் இருக்கும். முதல் செமஸ்டரில் பொதுவாக அணு அமைப்பு, ஆவர்த்தனப் பண்புகள், வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படைகள் வரும். ஆசிரியர் ஒரு பகுதியை முடிக்கும்போதெல்லாம் அதன் எதிரே தேதி போடுங்கள். எங்கே நிற்கிறோம் என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் மதிப்பெண் பங்கீடும் தேர்வு முறையும் மாறலாம். சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல் கையேட்டைத் திறந்து பாருங்கள். சீனியர் படித்த ஆண்டின் விதி உங்கள் ஆண்டுக்குள் மாறியிருக்கக்கூடும்.

2. வருகைக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் குறைந்தது 68 நாள் வந்திருக்க வேண்டும், அதாவது அதிகபட்சம் 22 நாள்தான் விடலாம். காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டுக் கல்யாணம், பேருந்து வராத நாள் எல்லாம் இந்த 22-க்குள் அடங்க வேண்டும் என்பதால், காரணமில்லாமல் ஒரு நாளைக்கூடச் செலவழிக்காதீர்கள்.

பல பல்கலைக்கழகங்களில் 65 முதல் 74 சதவீதம் வரை இருந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டி, உரிய காரணம் காட்டி எழுதலாம். அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத விடமாட்டார்கள். 50 சதவீதத்துக்கும் கீழே போனால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றிதழை உடம்பு சரியானதும் முதல் நாளே வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் ஏற்பது கடினம்.

வேதியியலில் வருகை முக்கியம் என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. இதில் ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் மேல்தான் நிற்கிறது. குவாண்டம் எண்கள் நடந்த இரண்டு நாள் வராதவருக்கு எலக்ட்ரான் அமைப்பு புரியாது. அது புரியாதவருக்கு அயனியாக்கும் ஆற்றல் ஏன் நைட்ரஜனில் அதிகமாகவும் ஆக்சிஜனில் சற்றுக் குறைவாகவும் இருக்கிறது என்பது மனப்பாடமாக மட்டுமே நிற்கும். ஆய்வக நாளைத் தவறவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. நோட்டை நண்பரிடம் வாங்கி எழுதிக்கொள்ளலாம், சோதனையை அப்படி வாங்க முடியாது.

3. இன்டெர்னல் மதிப்பெண்ணைச் சின்னதாக எண்ணாதீர்கள்

பல பல்கலைக்கழகங்களில் இன்டெர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும், பல இடங்களில் செமஸ்டர் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

முதல் வகுப்புக்கு 60 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்டெர்னலில் 22 வாங்கியவருக்குப் பெரிய தேர்வில் 38 போதும். 12 வாங்கியவர் 48 எடுக்க வேண்டும். அந்தப் பத்து மதிப்பெண் வித்தியாசம், நேரத்துக்குக் கொடுத்த அசைன்மென்ட், ஒழுங்காக எழுதிய இரண்டு சைக்கிள் டெஸ்ட், ஒரு செமினார் ஆகியவற்றால் வருவது. பெரும்பாலும் இன்டெர்னலைப் பிறகு மறுபடி எழுதித் திருத்த வழியில்லை. அரியர் எழுதும்போதும் பழைய இன்டெர்னல் மதிப்பெண்தான் கூட வரும்.

4. மோல் கணக்கை இரண்டாம் வாரத்துக்குள் சரிசெய்யுங்கள்

முதலாண்டில் தடுமாறுபவர்களில் பலருக்கு அடித்தளம் மோல் கணக்கில்தான் ஆட்டம் காண்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் நூலின் முதல் அலகைத் தூசிதட்டி எடுங்கள், அது போதும். ஒரு மாற்றத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். 12 கிராம் கார்பன்-12-ல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மோலை வரையறுத்தது பழைய முறை. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ துகள்கள் கொண்டதே ஒரு மோல் என்று எண்ணாலேயே வரையறை செய்திருக்கிறார்கள்.

கீழே உள்ளது போன்ற கணக்கு கைவந்தால் ஆய்வகத்தில் பாதி பயம் போய்விடும்.

250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலக் கரைசல் தயாரிக்க எவ்வளவு நிறுக்க வேண்டும்? நீரேறிய ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 126, சமான நிறை 63. எனவே 63 × 0.1 × 250 ÷ 1000 = 1.575 கிராம்.

சமான நிறை ஏன் பாதியானது என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிந்தால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள். முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.

5. ஆய்வகத்துக்குள் நுழையும் முன்

பருத்தி லேப் கோட், பாதத்தை மூடும் ஷூ, கண்ணாடிக் கவசம் ஆகியவை கட்டாயம். நீள முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கோட்டுக்குள் அடக்கிப் பின் குத்துங்கள், பர்னர் அருகே தொங்கும் துணி ஒரு நொடியில் பற்றும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. உள்ளே எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிப்பெட் பல்ப் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தில் நீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். உப்புப் பகுப்பாய்வில் ஹைட்ரஜன் சல்பைடு வந்தால் புகைப்போக்கி அறைக்குள்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வாயு அதிகமாகும்போது நம் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். வாசனை நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நின்றுவிடாது.

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், கழுவும்போதே ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அமிலத்துக்கு எதிராகக் காரத்தை ஊற்றிச் சமன்செய்ய முயலாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து விபத்தை மறைக்கவே கூடாது.

6. டைட்ரேஷன்: ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் உண்டு

பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமிலம் சோதனையை எடுத்துக்கொள்வோம். ப்யூரெட்டைப் பெர்மாங்கனேட் கரைசலாலும், பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தாலும் அலச வேண்டும். கோனிகல் பிளாஸ்க்கை வாலை வடிநீரால் மட்டும் அலச வேண்டும். பிளாஸ்க்கைக் கரைசலால் அலசினால் உள்ளே ஒட்டியிருக்கும் துளிகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ப்யூரெட்டின் நுனியில் காற்றுக் குமிழி இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள். அளவு பார்க்கும் முன் புனலை எடுத்துவிடுங்கள். பிப்பெட்டில் 20 மி.லி. எடுத்து விடும்போது நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், அதைக் கழித்துத்தான் பிப்பெட்டில் அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள்.

நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நைட்ரிக் அமிலமும் கூடாது, அதுவே ஆக்சிஜனேற்றி. முதல் சில சொட்டுகளின் நிறம் மறையக் கொஞ்ச நேரமாகும், அவசரப்படாதீர்கள். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கியாக மாறும், அதன்பின் நிறம் மளமளவென்று மறையும். பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டுவிட்டீர்கள். அந்த முறையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுதான் முடிவுநிலை. கரைசல் அடர்நிறம் என்பதால் மேல் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

20 மி.லி. 0.1 நார்மல் அமிலத்துக்கு 18.6 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் அதன் செறிவு 0.1075 நார்மல். 18.5 என்று படித்திருந்தால் 0.1081. ஒரே ஒரு சிறுகோடு தவறினாலும் விடை சுமார் அரை சதவீதம் நகர்ந்துவிடுகிறது. செய்முறைத் தேர்வில் பிழை சதவீதத்தை வைத்துத்தான் மதிப்பெண். ஒத்த அளவீடு இரண்டு கிடைக்கும்வரை செய்யச் சொல்வதும் இதனால்தான்.

7. அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்டும்

அப்சர்வேஷன் நோட்டில் சோதனை நடக்கும்போதே, பேனாவால் எழுத வேண்டும். தாளில் குறித்துவைத்து அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து அருகில் சரியானதை எழுதுங்கள். ஒயிட்னர் வேண்டாம். அன்றைய அளவீட்டுக்கு ஆசிரியரின் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பக்கத்து மேசைக்காரரின் அளவைப் பார்த்து உங்கள் அளவைத் திருத்தும் ஆசை வரும். அதற்கு இடங்கொடுக்காதீர்கள். 18.6 வந்த இடத்தில் 18.9 என்று எழுதினால் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பே போய்விடும். விடை விலகியிருந்தாலும் உண்மையான அளவை எழுதிக் காரணத்தைத் தேடுபவர்தான் இரண்டாம் ஆண்டில் கைத்திறமையோடு நிற்பார்.

ரெக்கார்டை அடுத்த ஆய்வக வகுப்புக்குள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சேர்த்துவைத்து எழுதுபவர்கள் மாடல் எக்ஸாம் வாரத்தில் தூக்கம் கெட்டுப் பிறர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள், வைவாவில் தங்கள் ரெக்கார்டில் உள்ளதையே விளக்க முடியாமல் திணறுகிறார்கள். பல கல்லூரிகளில் பொனஃபைட் கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வு அறைக்குள் போகவே முடியாது.

8. வாரத்துக்கு ஒரு ஒழுங்கு

வகுப்பு நடந்த அன்றே அரை மணி நேரம் அந்தக் குறிப்பைப் படியுங்கள். சனிக்கிழமை அந்த வாரக் கணக்குகளை நோட்டைப் பார்க்காமல் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரச் சோதனையின் செய்முறையையும் சமன்பாட்டையும் எழுதி முடியுங்கள். ஒவ்வொரு யூனிட்டும் முடிந்ததும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் அந்த யூனிட் கேள்விகளை மட்டும் எழுதிப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்துவந்தவர்கள் ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, வகுப்பில் கேட்கும் ஆங்கிலச் சொல்லையும் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதிவாருங்கள். உங்களுக்கு வேதியியல் தெரியும். பெயர்தான் புதிது. சில வாரங்களில் அந்தத் தயக்கம் போய்விடும்.

9. உதவி கேட்பதும் காப்பியடிப்பதும்

நண்பர்களோடு சேர்ந்து படியுங்கள், கணக்கை விவாதியுங்கள். எழுதும்போது தனியாக எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைப் பாட ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புரியாததை விளக்கச் சொல்வது வேறு, அசைன்மென்டை எழுதச் சொல்வது வேறு. அது தரும் சமன்பாட்டையும் நீங்களே சமன்செய்து சரிபாருங்கள், தவறான எண்ணையும் அது உறுதியான குரலில் சொல்லும்.

ஆசிரியரிடம் போகும்போது வெறுமனே "ஒண்ணும் புரியல சார்" என்று நிற்காதீர்கள். "இந்த வரி வரைக்கும் போட்டேன் மேடம், இங்கே ஏன் இரண்டால வகுக்கணும்னு தெரியல" என்று நோட்டோடு கேளுங்கள். அப்படிக் கேட்பவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் அரிது.

10. தேர்வும் அதற்குப் பின்னும்

தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, ஹால் டிக்கெட், செய்முறைத் தேர்வின் பேட்ச் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வுக்கு முன்பே வரும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் மறுமதிப்பீட்டுக்குக் குறுகிய அவகாசம்தான் தருவார்கள், முடிவு வந்த அன்றே விதியைப் பாருங்கள். அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடியுங்கள். தள்ளத் தள்ளப் பாடம் மறக்கும்.

இந்தப் பழக்கங்கள் பட்டத்தோடு முடிவதில்லை. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் இதே விதிகள்தான்: அளந்தவுடன் எழுது, ஒற்றைக் கோடு அடித்துத் திருத்து, தேதியோடு கையெழுத்திடு. அங்கே உங்கள் எண்ணை நம்பி ஒரு நோயாளி மாத்திரை விழுங்குவார், ஒரு ஊர் தண்ணீர் குடிக்கும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவராக ஆவதற்கான பயிற்சி, முதல் செமஸ்டரின் அப்சர்வேஷன் நோட்டில் தொடங்குகிறது.