கற்றாழை நார்த் தொழிலில் யந்திரமும் வண்டியும்

ரயில் கற்றாழை என்று வழங்கும் செடி இருப்புப்பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் வளர்வதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அதன் மடலிலிருந்து நாரெடுக்க யந்திரம் வாங்க விரும்பும் சங்கத்தார் முதலில் விசாரிப்பது யந்திரத்தின் விலையையே. அதற்கு முன் விசாரிக்க வேண்டியது, மடல் எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பதாகும்.

மடலில் பெரும்பகுதி நீரும் சக்கையுமே. 100 ராத்தல் பச்சை மடலில் உலர்ந்த நார் ஏறக்குறைய 4 ராத்தல்தான் தேறும். ஆகவே 1 டன் நாருக்கு 25 டன் மடலைச் சுமக்க வேண்டும். 1 டன் ஏற்றும் டயர் வண்டியென்று வைத்துக்கொண்டால், மடலுக்கு 25 நடை. நாராக்கிய பின் ஒரே நடை. மேலும், வெட்டிய மடலை 2 நாட்களுக்குள் உரித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சக்கை நாரோடு ஒட்டிக்கொண்டு, நிறமும் விலையும் கெடும்.

டாங்கனிகாவில் (அது இன்று டான்ஸானியாவின் பகுதி) இதற்குச் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. 1893-ல் ஹிண்டார்ப் என்ற ஜெர்மானிய விவசாய நிபுணர் அமெரிக்காவிலுள்ள ப்ளோரிடாவிலிருந்து 1,000 சிஸல் கற்றாழைக் கன்றுகளைத் தருவித்தார். வழியில் பிழைத்தவை 62 மட்டுமே. அவற்றிலிருந்து பெருந்தோட்டங்கள் கிளைத்தன. ஆயினும் அங்கே அறுவடை கைவேலையாகவே நின்றது. ஆட்கள் கத்தியால் அடிமடல்களை அறுத்து, நுனிமுள்ளைச் சீவி, கட்டாகக் கட்டினர். யந்திரம் புகுந்தது அடுத்த வேலையில்தான். தோட்டத்துக்குள் குறுகிய இருப்புப்பாதை போட்டு, டிராலிகளில் மடற்கட்டுகளை ஆலைக்கு இழுத்தனர். ஆலையிலிருந்த பெரிய யந்திரம் மடல்களைக் குறுக்காக வாங்கி, இரு பாதிகளையும் தானே உரித்தது. மடல் ஓயாது வந்துகொண்டிருந்தாலன்றி அது கட்டுபடியாகாது. வேலிதோறும் சிதறிக்கிடக்கும் நம் மடலுக்கு அத்தகையதை வாங்குதல் தகாது. யந்திரம் சும்மா நிற்கும் நாளுக்கும் வட்டி உண்டல்லவா?

நமக்கு ஏற்றது ராஸ்படார் எனப்படும் சிறு யந்திரம். தகடுகள் பதித்த உருளையொன்றை எஞ்சின் சுழற்றும். மடலின் ஒரு பாதியை நுழைத்து வெளியே இழுத்து, உரித்த நாரைப் பிடித்துக்கொண்டு மறு பாதியை நுழைக்க வேண்டும். இதை வண்டியிலேற்றி வேலிக்கு அருகேயுள்ள கிணற்றடிக்குக் கொண்டுபோகலாம். நாரை அங்கேயே கழுவி வெயிலில் உலர்த்தலாம். சக்கையை மக்கவைத்து எருவாக்கலாம்.

ஆனால் இவ்யந்திரத்தில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாம் முறை நுழைக்கும்போது ஈரநார் விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொண்டால், உருளை கையை உள்ளே இழுத்துவிடும். நாரைக் கையில் சுற்றிப் பிடித்தல் கூடவே கூடாது. தொங்கும் துண்டுடனோ வளையலுடனோ யாரும் அருகில் நிற்கலாகாது. எஞ்சினை உடனே நிறுத்த ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாய்ப்புறத்தில் காப்புத் தகடு இல்லாத யந்திரத்தை, மலிவு என்பதற்காகப் பஞ்சாயத்தார் ஒருபோதும் வாங்கலாகாது. சங்கம் மிச்சப்படுத்தும் சில ரூபாய்க்கு ஓர் அங்கத்தினர் கையை இழக்க நேரிடும்.

யந்திரம் வாங்கும் தீர்மானம் மகாசபைக்கு வருமுன், காரியதரிசி ஒரு ஜாபிதா தயாரிக்கவேண்டும். எவர் வேலியில் எத்தனை செடி, அவற்றில் 3 வயது நிரம்பி அறுப்புக்கு வந்தவை எத்தனை, வண்டி போக வழி உண்டா, கிணறு எவ்வளவு தூரம், கோடையில் அதில் நீர் நிற்குமா என்பவை அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் நடுக்குருத்தைச் சுற்றி 20 மடலாவது விட்டுவைக்க வேண்டுமாதலால், அவற்றைக் கழித்தே கணக்கிட வேண்டும்.