இடுப்புக் காஸ்ற் போட்ட குழந்தை: ஈரம் உள்ளே போகாமல் பார்ப்பது எப்படி?

சென்ற இதழில் வீட்டிலேயே இரத்த அழுத்தம் அளப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை எழுதப்போவது எல்லா வீட்டுக்கும் தேவைப்படாத விடயம். ஆனால் தேவைப்படும் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது. நெஞ்சுக்குக் கீழேயிருந்து கணுக்கால் வரை காஸ்ற் போட்டு, இரு கால்களும் தவளைபோல் விரிந்த நிலையில் ஒரு கைக்குழந்தை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. அதை எப்படிக் குளிப்பாட்டுவது? எப்படி டயப்பர் மாற்றுவது? வெக்ஸ்போர்ட் பகுதியில் தாயும் தகப்பனும் மாறி மாறி ஷிப்ற் வேலைக்குப் போகும் வீடுகளில் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மாவோ அப்பம்மாவோதான். வைத்தியசாலையில் கொடுக்கும் ஆங்கிலக் கடதாசி அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் காஸ்ற் ஏன் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தொடை என்பின் உருண்டைத் தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் இருக்க வேண்டும். சில குழந்தைகளில் குழி ஆழமில்லாமல் இருப்பதால் தலை வழுகி வெளியே வந்துவிடுகிறது. முற்றாக விலகிய மூட்டு ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, இரண்டு பேருக்கு இருக்கும். பெண் குழந்தைகள், முதற் பிள்ளைகள், வயிற்றில் தலை மேலே குண்டி கீழே இருந்த பிள்ளைகள், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்த பிள்ளைகள் ஆகியோரில் இது அதிகம். ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பாவ்லிக் என்னும் வார்க்கட்டோடு சரியாகிவிடும். அது சரிவராதபோது, அல்லது பிந்திக் கண்டுபிடித்தால், மயக்க மருந்து கொடுத்து மூட்டைக் குழிக்குள் இருத்திக் காஸ்ற் போடுவார்கள். வழக்கமாகச் சுமார் பன்னிரண்டு கிழமை. இடையில் ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துக் காஸ்ற் மாற்றப்படும்.

ஒன்றரை வயது கடந்த பிள்ளைகளுக்கு இடுப்பென்பையே வெட்டித் திருப்பி வைக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். உலகமெங்கும் செய்யப்படும் அந்தச் சத்திரசிகிச்சை நம்முடைய ரொறொன்ரோவில் பிறந்தது. யூனிவேர்சிற்றி அவெனியூவிலுள்ள சிறுவர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேர்ட் சோல்ற்றர் 1961இல் அதை வெளியிட்டார். 2010இல் அவர் காலமானார். அவர் பெயரால்தான் அது இன்றும் அழைக்கப்படுகிறது.

எந்த வயதிலும், நிபுணரின் கை வேலை சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மூட்டைக் குழிக்குள் வைத்திருப்பது அதன்பின் வரும் கிழமைகள்தான், அந்தக் கிழமைகள் உங்கள் வீட்டில் கழிகின்றன. காஸ்ற்றுக்குள் தோல் புண்ணாகிவிட்டால் அதை நேரத்துக்கு முன் கழற்ற வேண்டி வரலாம். கழற்றினால் மூட்டு மறுபடி விலகலாம்; பிள்ளை மறுபடி மயக்க மருந்துக்குப் போகலாம். இடுப்பைக் காப்பாற்றுவது என்பது, நடைமுறையில், தோலைக் காப்பாற்றுவதுதான்.

ஈரம் எங்கே நிற்கிறது?

‘இது பைபர்கிளாஸ், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது’ என்று பல பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளி ஓடு பைபர்கிளாஸ். அதற்கு ஒன்றும் ஆகாதுதான். உள்ளே தோலோடு ஒட்டி இருப்பது பஞ்சு. அது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சிறுநீரை முதுகுப்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு போகும். வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், உள்ளே நாட்கணக்கில் ஈரம் நிற்கும். தண்ணீரில் ஊறிய விரல் வெளுத்துச் சுருங்குவதுபோல் தோலும் ஊறி, உரிந்து, புண்ணாகிறது. மலம் சேர்ந்தால் இன்னும் விரைவு. சில காஸ்ற்களுக்கு ஈரம் புகாத உட்துணி வைப்பதுண்டு. உங்கள் பிள்ளைக்கு எது போட்டிருக்கிறது என்று வீட்டுக்கு வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து இரண்டு பம்பஸ். (எந்தக் கொம்பனியுடையதாக இருந்தாலும் நமக்கு அது பம்பஸ்தான்.) ஒன்று பிள்ளையின் வழக்கமான அளவிலும் ஒன்றிரண்டு அளவு சிறியது. அதன் ஒட்டும் வார்களை ஒட்டாமல் மடித்தோ வெட்டியோ விட்டு, முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் பக்கங்களையும் காஸ்ற்றின் திறப்புக்கு உள்ளே, தோலுக்கும் காஸ்ற்றுக்கும் நடுவே, விரலால் மெதுவாகச் செருக வேண்டும். சுருக்கம் விழக்கூடாது. சுருக்கம் அழுத்தினால் அதுவே புண்ணாகும். மற்றது ஒன்றிரண்டு அளவு பெரியது; அதைக் காஸ்ற்றுக்கு மேலால் சுற்றி ஒட்டுங்கள். உள்ளே இருப்பது உறிஞ்சும், வெளியே இருப்பது அதைப் பிடித்து வைத்திருக்கும். தலைகீழாகச் செய்து, பெரிய பம்பஸை உள்ளே திணிப்பவர்களும் உண்டு. அது வீங்கும்போது இடமில்லாமல் எல்லாம் முதுகுப்பக்கம் ஏறும்.

இரவுக்கு உள் பம்பஸின் நடுவில் பெண்கள் பாவிக்கும் நீளமான பாட் ஒன்றை வைக்கலாம். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். இரவில் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழும்பத்தான் வேண்டும். மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். ‘பிள்ளை நித்திரை, எழும்பட்டும்’ என்று விடாதீர்கள்.

பிள்ளையின் தலைப்பக்கம் கால்ப்பக்கத்திலும் சற்று உயர்ந்திருந்தால் சிறுநீர் முதுகுப்பக்கம் ஓடாமல் பம்பஸுக்குள் விழும். கட்டிலில் இதை எப்படிச் செய்வது என்று தாதியிடம் கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். தலையணையைத் தலைக்குக் கீழே வைப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. திறப்பின் ஓரங்களில் ஈரம் புகாத ரேப் துண்டுகளைப் பூவிதழ்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி விடுவார்கள். அவை அழுக்கானால் புதியது ஒட்டுங்கள். அதற்கும் எந்த ரேப் என்று கேட்டு வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் நனையும். நனைந்தால் ஓரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறியையோ குளிர்ந்த காற்றில் வைத்த ஹெயார் ட்ரையரையோ பிடியுங்கள். சூடான காற்று வேண்டாம். உள்ளே சூடு அடைபட்டுத் தோல் வெந்துவிடும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆழமாக ஊறியிருந்தால் காஸ்ற் கிளினிக்குக்கு அன்றே அழையுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தவன் நான். சவர்க்காரத்துக்கே அலைந்த அந்த நாட்களில் பழைய சேலைத் துணியும் பொலித்தீனும் வைத்துத் தாய்மார் இதே வேலையைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே பொருள் எல்லாம் கடையில் இருக்கிறது. கிடைக்காதது நித்திரை. ஆகவே இரவு முறையை வீட்டில் இருவராவது பங்கு போடுங்கள்.

அம்மம்மாமாருக்கு

குளிக்க வார்க்க முடியாது. முகம், கழுத்து, கமக்கட்டு, கைகள், கால்விரல்கள் எல்லாவற்றையும் பிழிந்த ஈரத்துணியால் தினமும் துடைத்துவிடலாம். தலையை ஒருவர் பிடிக்க மற்றவர் கழுவலாம். காஸ்ற்றைப் பிளாஸ்ரிக்கால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் காஸ்ற்றுக்குள்ளோ அதன் ஓரத்திலோ வேண்டாம். எண்ணெய் தோலை இளக்கும். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரஞ்சும். திருநீறும் அப்படித்தான். நெற்றியில் ஒரு கீற்றுப் போதும், வயிற்றில் பூச வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் அரைநாண் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கைக்காப்பு, காற்சலங்கை, பஞ்சாயுதம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காஸ்ற் போட்டபின் கால் சற்று வீங்கலாம். அப்போது சலங்கை இறுகிவிடும்.

பல் முளைக்கும் வயதும் காஸ்ற் போடும் வயதும் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகவே வருகின்றன. ‘பல்லுக்கொழுக்கட்டை கொட்டலாமோ, தள்ளிப் போடுவமோ?’ என்று கேட்பார்கள். தாராளமாகக் கொட்டுங்கள். ஆனால் கழுத்தைச் சுற்றி ஒரு பெரிய துவாயைப் போர்த்தி, காஸ்ற்றின் மேல் வாயை முற்றாக மூடிவிட்டு. உள்ளே விழுந்த கொழுக்கட்டையை யாராலும் எடுக்க முடியாது, மூன்றாம் நாள் அது தன் மணத்தைக் காட்டும். தினசரிச் சாப்பாட்டுக்கும் இதே கதைதான். சோற்றுப் பருக்கை, பிஸ்கற் துகள், தமக்கை அன்போடு உள்ளே போடும் லெகோ, எல்லாம் தோலில் குழி பறிக்கும். காஸ்ற்றுக்கு மேலால் ஒரு பெரிய ரீ-சேர்ட் போட்டு விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அரிப்புக்கு ஈர்க்கு, பின்னல் ஊசி, சீப்பு எதையும் உள்ளே விட வேண்டாம். காஸ்ற்றின் வெளியே தட்டுங்கள்; குளிர்காற்றை ஓரத்தால் விடுங்கள். அபார்ட்மென்ற் சூட்டில் பிள்ளை வியர்க்கும். மாரிக்காலம் என்றாலும் வீட்டுக்குள் மெல்லிய உடுப்புப் போதும்.

சாப்பாட்டைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். வயிறு ஊத இடமில்லை. அசைவு குறைவதால் மலச்சிக்கல் வரும். திட உணவு தொடங்கிய பிள்ளைக்குப் பப்பாசி, மசித்த பிறூன்ஸ் உதவும்.

தூக்கும்போது கால்களுக்கு நடுவே உள்ள தடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அது கைபிடி அல்ல. ஒரு கை தோளுக்குக் கீழ், ஒரு கை குண்டிக்குக் கீழ். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது குப்புறவும் போடலாம். குதிக்கால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான கார் சீற்றில் இந்தப் பிள்ளை பெரும்பாலும் இராது. அதை வெட்டவோ பஞ்சு திணித்து மாற்றவோ வேண்டாம். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்த அன்றே இதற்குரிய சீற் பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள். வீட்டுக்கு விடும் நாளில் கேட்டால் பிந்திவிடும்.

தினமும் இரு தடவை

ரோச் லைற் அடித்து ஓரங்களைப் பாருங்கள். விரல்களைத் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருக்கிறதா, அசைக்கிறதா? பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். புத்தகங்களில் ‘தோல் சிவந்தால்’ என்று எழுதியிருப்பார்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு அவ்வளவு தெரியாது. கருமை கூடியிருக்கிறதா, சூடாக, தடித்து இருக்கிறதா என்று மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு மூக்கு. காஸ்ற் மணக்கத்தான் செய்யும். ஆனால் நேற்று இல்லாத, அழுகல் போன்ற ஒரு நாற்றம் இன்று இருந்தால் உள்ளே புண் இருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பதில் அம்மம்மாவின் மூக்கை நான் எந்தக் கருவியிலும் மேலாக நம்புகிறேன்.

விரல் நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்தோ போனால், அசையாமல் விட்டால், வீக்கம் கூடினால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் 911. வயிறு ஊதித் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், குறிப்பாகப் பச்சை நிறத்தில் எடுத்தால், அதுவும் அவசரம். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், மருந்து கொடுத்தும் அடங்காத அழுகை, காஸ்ற் வெடித்தல் அல்லது தளர்தல், இவற்றுக்குக் கிளினிக்கை அன்றே அழையுங்கள். சந்தேகமென்றால் ஒன்ராறியோவில் 811ஐ எந்நேரமும் அழைத்துத் தாதியிடம் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

பெற்றோர் தனியே என்னிடம் கேட்கும் கேள்வி வேறு. ‘நாங்கள் இடுப்பில் தூக்கி வைத்ததால் வந்ததோ?’ மாமியார் மருமகளைப் பார்க்கும் பார்வையும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. இல்லை. கால்களை விரித்து இடுப்பில் தூக்குவது மூட்டுக்கு நல்லது. கெடுதல் செய்வது கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது. குழந்தைகளைப் பலகைத் தொட்டிலில் அப்படிச் சுற்றிய கனடாவின் முதற்குடி மக்களிடையே இந்த நோய் அதிகமாக இருந்தது. ஜப்பானில் 1970களில் அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிப் பிரசாரம் செய்தபின் அது பெருமளவு குறைந்தது. வருபவர்களுக்குப் பிள்ளையைக் காட்டாமல் அறைக்குள் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கண்ணூறு பயமென்றால் ஒரு பொட்டு வையுங்கள். பிள்ளை சபையில் இருக்கட்டும். ஆட்களைப் பார்த்தால் அதன் நாளும் உங்கள் நாளும் கெதியாகப் போகும்.

காஸ்ற் வெட்டும் வாள் பெரிய சத்தம் போடும். அது அதிர்வதேயன்றிச் சுழல்வதில்லை. பிள்ளை அழுவது பெரும்பாலும் சத்தத்துக்குத்தான். உள்ளே தோல் காய்ந்து செதிலாகக் கறுத்து இருக்கும். உரஞ்ச வேண்டாம், இளஞ்சூட்டு நீரில் சில நாள் ஊறவிட்டால் தானே போகும். அதன்பின் எண்ணெய் தடவலாம், ஆனால் கால்களை இழுத்து நீட்டி உருவக்கூடாது. விரிந்த கால்கள் தாமாகச் சேர்ந்து வரட்டும். பலருக்கு இன்னும் சில காலம் கழற்றி மாட்டும் பிறேஸ் கொடுப்பார்கள், எக்ஸ்றேயும் வளரும் வயது முழுவதும் இடையிடையே எடுப்பார்கள். அடுத்த பிள்ளை பிறந்தால் மூத்தவருக்கு இது இருந்ததைக் குடும்ப வைத்தியரிடம் முதல் வருகையிலேயே சொல்லி, ஆறு கிழமையளவில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் கேளுங்கள்.