வெந்நீர்த் தொட்டியும் வேதிச் சமநிலையும்

வலிமை குறைந்த அமிலங்களின் அயனியாதலை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருபவன் நான். அந்தப் பாடத்தை நானே சரியாகப் படிக்கவில்லை என்பதை, 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் பேரனின் இடுப்பைச் சுற்றித் தோன்றிய சிவந்த கொப்புளங்களைக் கண்டபோதுதான் உணர்ந்தேன். இதை ஆண்டு மலருக்கு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். காலந்தாழ்ந்து எனக்கு நடந்த செய்முறை வகுப்பு என்று இதனைக் கொள்ளலாம்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் வசிக்கிறது. மே மாதத்து இரவிலும் சால்வை தேவைப்படும் ஊர் அது. அங்கே பல வீடுகளின் பின்முற்றத்தில் ‘ஹாட் டப்’ எனப்படும் வெந்நீர்த் தொட்டியைக் காணலாம். இது அழுக்குப் போகக் குளிக்கும் தொட்டியன்று. குளித்துவிட்டு வந்து, கழுத்தளவு வெந்நீரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பர். நாம் தலையில் ஊற்றிய தண்ணீர் அப்போதே சாக்கடைக்குப் போய்விடுகிறது. அங்கோ, பலர் உட்கார்ந்தெழுந்த அதே நீரை வாரக்கணக்கில் வைத்துக்கொள்கின்றனர். தொல்லை முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

இதன் பிறப்பு ஒரு தந்தையின் கவலையோடு தொடர்புடையது. கலிஃபோர்னியாவில் குடியேறிய இத்தாலியச் சகோதரர்களான ஜக்கூஸி குடும்பத்தினர் நீரேற்றும் பம்புகள் செய்துவந்தனர். அவர்களுள் ஒருவரான கேண்டிடோ ஜக்கூஸியின் மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம் கண்டது. அவனுக்காக, குளியல் தொட்டியினுள் வைத்து நீரைச் சுழற்றக்கூடிய பம்பு ஒன்று உருவாயிற்று. 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. பின்வந்த தலைமுறையினரான ராய் ஜக்கூஸி 1968-இல் பீச்சுக்குழல்களைத் தொட்டியின் சுவரிலேயே பதித்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் மகள் வீட்டுக்குத் தொட்டி வந்து இறங்கியது. கொள்ளளவு 350 அமெரிக்கக் காலன், அதாவது ஏறக்குறைய 1,325 லிட்டர். நீர் மட்டுமே ஒன்றேகால் டன்னுக்கு மேல். தொட்டியையும் ஐந்தாறு ஆட்களையும் சேர்த்தால் இரண்டு டன்னைத் தொடும். எனவே, கம்பி கட்டி 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் முன்னரே போட்டு ஆறவிட்டிருந்தனர். மரத் தளத்தின் மேலோ மாடியிலோ வைப்பதானால் பொறியாளரைக் கேட்காமல் செய்யலாகாது. மின்சாரம் 240 வோல்ட்டில் தனி இணைப்பு. சிறு கசிவு ஏற்பட்டாலும் கணத்தில் துண்டிக்கும் காப்புச் சாதனம். தொட்டியிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு நிறுத்து விசை. இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். மாப்பிள்ளைக்குத் தாமே செய்துபார்க்க ஆசைதான், மகள் விடவில்லை.

தோட்டக் குழாயை நேரே தொட்டியில் போடாமல், வடிகட்டி பொருத்தும் குழியில் செருகி நிரப்பினர். அப்படிச் செய்தால் குழாய்களில் காற்று சிக்கிப் பம்பு வெறுமையாக ஓடாது. 12 பாகை செல்சியசில் வந்த நீரை 38 பாகைக்கு ஏற்றச் சுமார் 40 யூனிட் மின்சாரம் வேண்டும் என்று கணக்கிட்டேன். 4 கிலோவாட் சூடேற்றிக்குப் பத்து மணி நேரம், அவ்வாறே ஆயிற்று. வெப்பம் 40 பாகையைத் தாண்டக் கூடாது. கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே கூடாது.

போர்ட்லாந்து நீர் மென்னீர். அதில் காரத்தன்மை குறைவாதலால் பி.எச். மதிப்பு நிலையாய் நில்லாமல் அலையும். அதற்கு மருந்து நம் அடுப்பங்கரையில் உள்ள சமையல் சோடாதான். முதலில் அதனை இட்டுக் காரத்தன்மையை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் அளவில் நிறுத்தி, பின்னர் பி.எச். மதிப்பைச் சரிசெய்து, இறுதியில் குளோரின் இட வேண்டும்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு சனிக்கிழமை இரவு நண்பர் குடும்பங்கள் வந்தன. முறைவைத்து ஒன்பது பேர் இறங்கினர். பீச்சுக்குழல்கள் நள்ளிரவு வரை ஓடின. மறுநாள் மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை.

“அப்பா, வாடை இப்படி அடித்தால் குளோரின் அதிகம் என்றுதானே அர்த்தம்?” என்று மகள் கேட்டாள். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். குளோரின் 3 எனக் காட்டியது. “ஆமாம், இன்றைக்குப் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். வேதியியல் பேராசிரியர் சொன்னபின் மறுப்பார் யார்? அன்று மாலை ஒன்பது வயதுப் பேரன் வழக்கம்போல் இறங்கினான். செவ்வாய்க்கிழமை, அவன் நீச்சல் உடை மூடியிருந்த இடமெல்லாம் கொப்புளம். மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா?” என்பதே. ‘சூடோமோனாஸ்’ எனும் பாக்டீரியா மயிர்க்கால்களில் புகுந்து உண்டாக்கும் நோய் அது; பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்றார்.

அன்றிரவு உணவு மேசையில் குறிப்பேட்டை விரித்து உட்கார்ந்தேன். சோதனைத் தாளில் குளோரினுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. நான் பார்த்தது மொத்தக் குளோரின். வேலை செய்யும் தனிக் குளோரினுக்கு வேறு கட்டம். அதில் அரை மில்லிகிராம்கூட இல்லை. எஞ்சியதெல்லாம் ஒன்பது பேரின் வியர்வையிலுள்ள அம்மோனியா, யூரியா ஆகியவற்றோடு சேர்ந்து குளோரமீன்களாகிவிட்டிருந்தது. மூக்கைத் துளைத்த வாடை அவற்றுடையது. குளோரின் மிகுந்ததால் வந்த வாடையன்று. தீர்ந்துபோனதால் வந்த வாடை! நான் செய்யச் சொன்னதோ நேர் எதிர்.

அந்த அரை மில்லிகிராமும் முழுமையாக உதவவில்லை. குளோரின் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அது வலிமை குறைந்த அமிலம். மின்னேற்றமற்ற அந்த மூலக்கூறே கிருமியின் செல்சுவரை ஊடுருவிக் கொல்லும். பிரிந்துபோன ஹைப்போகுளோரைட்டு அயனிக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. பி.எச். 7.2-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமிலமாகவே இருக்கும், 7.5-இல் பாதி, 8-இல் கால் பங்குதான். அன்று தாள் காட்டியது 8. ஏன் ஏறியது? பீச்சுக்குழல்கள் இரவெல்லாம் குமிழியெழுப்பி நீரிலிருந்த கரியமில வாயுவை வெளியேற்றின. வாயு போகப் போகக் கார்பானிக் அமிலம் குறைந்தது. இழப்பை ஈடுசெய்யச் சமநிலை நகர, ஹைட்ரஜன் அயனிகள் செலவாயின. லே சாட்லியர் கொள்கையை இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

சொறியோடு போயிற்று என்பது எங்கள் நற்பேறு. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்னும் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை ஓடவிட்டிருந்தனர். அதில் யாரும் இறங்கவில்லை. அதன் நீர்த்திவலை கலந்த காற்றைச் சுவாசித்தே நூற்றுக்கு மேற்பட்டோர் ‘லீஜியோனெல்லா’ நுரையீரல் காய்ச்சலுக்கு ஆளாயினர். இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

குளோரமீனை எரித்தழிக்க, அதன் அளவைப்போல் பத்து மடங்கு குளோரின் இட வேண்டும். எங்கள் கணக்குக்கு அது லிட்டருக்கு 25 மில்லிகிராம். அதைவிட நீரையே மாற்றுவது மேல் என முடிவுசெய்தோம். குழாய்களின் உட்புறத்தில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி ஒளிந்திருக்கும்; முதலில் அதைக் கரைக்கும் மருந்தை ஓடவிட்டு, நீரை வெளியேற்றி, சுவரைத் தேய்த்து, வடிகட்டியைப் புதிதாக மாற்றினோம். அதன்பின் நாள்தோறும் சோதனை: தனிக் குளோரின் 3-க்குக் குறையாமலும், பி.எச். 7.8-ஐத் தாண்டாமலும். இறங்குபவர்கள் முதலில் உடம்பைக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்பதில் மகள் இப்போது கண்டிப்பானவள். வடிகட்டியை வாரம் ஒருமுறை குழாய் நீரில் கழுவுகின்றனர்.

இன்னொன்று. அவர்கள் இட்டுவந்த குருணைக் குளோரினில் சயனூரிக் அமிலம் சேர்ந்திருந்தது. குளோரின் செலவாகும், இது நீரிலேயே தங்கி, அடுத்தடுத்து இடும் குளோரினைப் பற்றிப் பிடித்து வேலைசெய்ய விடாது. வெந்நீர்த் தொட்டிக்கு இத்தகைய குளோரின் வேண்டாமென்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. எனவே திரவக் குளோரினுக்கு மாறினர். இருவகைக் குளோரினையும் ஒரே குவளையால் அளப்பது, அமிலத்தோடு கலப்பது இரண்டும் ஆபத்து. தீயும் நச்சு வாயுவும் எழும். மருந்தை நீரில் இடுக. மருந்தின்மேல் நீரை ஊற்றற்க.

நீரை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது? காலன் அளவை மூன்றால் வகுத்து, வந்ததை அன்றாடம் இறங்குவோர் எண்ணிக்கையால் மீண்டும் வகுக்க வேண்டும். மூவருக்கு 39 நாள். ஒன்பது பேர் வந்த இரவு மூன்று நாளைத் தின்றுவிட்டது என்று பேரனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சலவைத் தூளை நாம் அயோடின் தரம்பார்த்தல் முறையில் ஆய்வு செய்கிறோமே, அம்முறையும் குளோரமீனைச் சேர்த்தேதான் காட்டும். தனிக் குளோரினை அது பிரித்தறியாது. இரண்டு கட்டமுள்ள சோதனைத் தாள் ஒரு டப்பா கொண்டுவந்திருக்கிறேன். துறைக்கு வந்தால், நம் கல்லூரி மேல்நிலைத் தொட்டி நீரை முதலில் பார்ப்போம்.